தொகை காணும் கலை வளர்ந்த வரலாறு

ஆண்டு விழா மலரில் கதையும் கவிதையும் இசையும் இடம்பெறுதல் இயல்பு. கணிதத்துக்கும் ஒரு கட்டுரையா என அன்பர் சிலர் வியக்கக்கூடும். ஊர்விட்டு ஊர் வந்து குடியமர்ந்த நம் இல்லங்கள் பலவற்றில், மேல்நிலைப் பள்ளியிலோ பொறியியற் கல்லூரியிலோ தொகை நுண்கணிதம் பயிலும் பிள்ளைகள் உள்ளனர். அவர்கள் வாய்பாடுகளை நெட்டுருச் செய்கின்றனர், கணக்குகளைப் போட்டு முடிக்கின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆயினும், "தொகை என்பது யாது? எல்லாவற்றுக்கும் தொகை உண்டோ?" என ஒருவர் வினவின், பிள்ளைகளேயன்றிப் பெற்றோராகிய நாமும் தயங்குவோம். அத்தயக்கத்திற்காக நாணவேண்டுவதில்லை. ஐரோப்பாவின் பேரறிஞர் பலரை நூறாண்டுகளுக்கு மேலாக ஆட்கொண்டிருந்த வினா இது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பயிலும் இப்பொருளின் வரலாற்றைத் தாய்மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

வண்டியின் விரைவும் கடந்த தொலைவும்

சென்னைக்குச் செல்லும் புகைவண்டியில் நாம் அமர்ந்திருக்கின்றோம் எனக் கொள்வோம். வண்டியின் விரைவு நொடிக்கு நொடி மாறுகின்றது. நேரம் ஒவ்வொன்றுக்கும் உரிய விரைவு இன்னது என்று கூறும் விதியைக் கணித நூலோர் 'சார்பு' என்பர். அவ்விரைவைக் கட்டமிட்ட தாளில் கோடாக வரைந்தால், கோட்டுக்கும் அடித்தளத்துக்கும் இடைப்பட்ட பரப்பே வண்டி கடந்த தொலைவாகும். இப்பரப்பைக் காண்பதுதான் தொகையிடல். மறுபுறம், கடந்த தொலைவு தெரிந்திருப்பின், அது மாறும் வீதத்தினின்றும் விரைவைக் காணலாம், இது வகையிடல். ஒன்று மற்றொன்றின் எதிர்ச்செயல். இவ்விரண்டையும் நினைவிற் கொண்டால், பின்வரும் வரலாறு முழுவதும் எளிதில் விளங்கும்.

வளைகோட்டுப் பரப்பைக் காணும் ஆவல் மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிரக்கூசு நகரத்து ஆர்க்கிமிடீஸ், பரவளைவின் ஒரு துண்டின் பரப்பு அதனுள் அமைந்த குறிப்பிட்ட முக்கோணத்தின் பரப்பைப்போல் மூன்றில் நான்கு மடங்கு என நிறுவினார். நம் நாட்டிலும் இத்தகைய சிந்தனை முளைவிட்டதுண்டு. 16 ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாள மொழியிலேயே எழுதிய 'யுக்திபாஷை' என்னும் நூலில், எண்களின் அடுக்குகளை மிகப் பலவாகக் கூட்டும்போது அத்தொகை எவ்வாறு வளரும் என்பது ஆராயப்பட்டுள்ளது. வட்டத்தின் சுற்றளவைத் தொடராகக் காண அது பயன்பட்டது. 17 ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் தொகையிடலும் வகையிடலும் எதிர்ச்செயல்கள் என்பதைப் பொதுமுறையாக்கினர். இன்று பிள்ளைகள் எழுதும் நீண்ட வளைந்த தொகைக்குறி, லைப்னிட்ஸ் 1675 ஆம் ஆண்டில் தம் குறிப்பேட்டில் முதன்முதல் வரைந்ததாகும்.

அதன்பின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் 'தொகை' என்பதற்குத் தனி வரையறை தேவைப்படவில்லை. ஒரு சார்பு தரப்பட்டால், எதனை வகையிட்டால் அது கிடைக்குமோ அதனைத் தேடினர். கிடைத்ததைத் தொகை என்றனர். வாய்பாட்டால் எழுதத்தக்க நல்லியல்புடைய சார்புகளையே கையாண்டமையால் வழக்கு எதுவும் எழவில்லை.

கோஷி வகுத்த வரம்பு

வழக்கைக் கிளப்பியவர் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே. வெப்பம் பொருள்களினூடே பரவும் முறையை ஆராய்ந்த அவர், 1807 இல் பாரிசு அறிஞர் அவைக்கு ஓர் ஆய்வுரையை அளித்தார். 1822 இல் அதனை விரித்துப் பெருநூலாக வெளியிட்டார். எவ்வகைச் சார்பையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பது அவருடைய கூற்று. ஒவ்வோர் அலையும் எவ்வளவு கலந்துள்ளது என அறிய ஒரு தொகையீடு செய்தல் வேண்டும். சார்போ வாய்பாட்டில் அடங்காததாக, இடையிடையே அறுந்த கோடாகவும் இருக்கலாம். அதனை எதன் வகையீடு என்று தேடுவது? இனித் தொகையைத் தன் காலில் நிறுத்தியே ஆகவேண்டும் என்னும் நிலை பிறந்தது.

கோஷி 1823 இல் வெளியிட்ட தம் பாடக் குறிப்புகளில் அப்பணியைச் செய்தார். அடித்தளத்தைச் சிறு சிறு கூறுகளாக வெட்டுக. ஒவ்வொரு கூற்றின் மீதும் அங்குள்ள சார்பின் மதிப்பை உயரமாகக் கொண்டு ஒரு பட்டையை நிறுத்துக. பட்டைகளின் பரப்பைக் கூட்டுக. கூறுகளை மேன்மேலும் நுணுக்குக. அக்கூட்டுத்தொகை எந்த எண்ணை நெருங்குகின்றதோ அதுவே தொகையீடு. சார்பு தொடர்ச்சியுள்ளதாயின், அஃதாவது அறுபடாத கோடாயின், அத்தகைய எண் உண்டென்று கோஷி கூறினார்.

அறுபட்ட கோடுகளின் நிலை என்ன? 1829 இல் செருமானிய அறிஞர் டிரிக்லே ஒரு விந்தையான சார்பைப் படைத்துக் காட்டினார். பின்னமாக எழுதத்தக்க எண்களை விகிதமுறு எண்கள் என்றும், இரண்டின் வர்க்கமூலம்போல் அவ்வாறு எழுத இயலாதவற்றை விகிதமுறா எண்கள் என்றும் கூறுவோம். டிரிக்லேயின் சார்பு முன்னவற்றுக்கு ஒரு மதிப்பும் பின்னவற்றுக்கு வேறொரு மதிப்பும் தருவது. விளக்கத்திற்காக அவற்றை முறையே 1 என்றும் 0 என்றும் கொள்வோம். எத்துணைச் சிறிய கூறாயினும் அதனுள் இருவகை எண்களும் உண்டு. ஆதலால் 0 முதல் 1 வரை பட்டைகளை எழுப்புகையில், விகிதமுறு எண்களைத் தேர்ந்தால் கூட்டுத்தொகை எப்போதும் 1. விகிதமுறா எண்களைத் தேர்ந்தால் எப்போதும் 0. எத்துணை நுணுக்கினும் இவ்விரண்டும் நெருங்கா. இச்சார்புக்குத் தொகையில்லை என்றனர்.

ரீமன் திருப்பிக் கேட்ட வினா

டிரிக்லேயிடம் பயின்றவர்களுள் ஒருவர் பெர்ன்ஹார்டு ரீமன். 1826 இல் ஹானோவர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வறுமையும் நோயும் அவரை விடாது தொடர்ந்தன. கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணிக்குத் தகுதி பெறுதற்பொருட்டு 1854 இல் ஓர் ஆய்வேடு அளித்தார். அதில் ஒருசில பக்கங்களே தொகையீட்டைப் பற்றியவை. அச்சில பக்கங்களே அவர் பெயரை ஒவ்வொரு கல்லூரி வகுப்பறையிலும் ஒலிக்கச் செய்தன.

கோஷி நல்ல சார்பை முதலில் எடுத்துக்கொண்டு அதற்குத் தொகை உண்டு என்றார். ரீமனோ வினாவையே திருப்பினார். "பட்டைகளின் கூட்டு ஓர் எண்ணை நெருங்குமானால் அதுவே தொகை, அவ்வாறு நெருங்குவதற்குச் சார்பு எப்படியிருத்தல் வேண்டும்?" என்பது அவர் எழுப்பிய வினாவின் சாரம். அறுபடாமை இனி நிபந்தனையன்று. ஒரு கூற்றினுள் சார்பு மேலும் கீழும் எவ்வளவு ஆடுகின்றது என்பதைக் காண்க. குறித்த அளவுக்கு மேல் ஆடும் கூறுகளின் மொத்த நீளத்தை நாம் வேண்டுமளவு குறைக்க இயலுமாயின், அச்சார்பு தொகையிடத்தக்கது. எண்ணற்ற இடங்களில் அறுபட்டும் தொகையுடையதாக விளங்கும் ஒரு சார்பையும் அவரே எடுத்துக்காட்டினார்.

இதனை விளக்கத் தோமே என்பார் 1875 இல் தந்த சான்று மிக எளியது. விகிதமுறா எண்களுக்கு மதிப்பு 0. சுருக்கிய பின்னத்தில் பகுதி எதுவோ, அதன் தலைகீழ் அப்பின்னத்துக்குரிய மதிப்பு. எனவே இரண்டில் ஒன்றுக்கு மதிப்பு இரண்டில் ஒன்று. ஏழில் மூன்றுக்கு ஏழில் ஒன்று. இச்சார்பு விகிதமுறு எண் ஒவ்வொன்றிலும் அறுபடுகின்றது. ஆயினும் நூறில் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு 0 முதல் 1 வரை விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆயிரம் இடங்களிலேயே உண்டு. அவற்றைச் சுற்றி மிகக் குறுகிய பட்டைகள் இட்டால் போதும். தொகை 0 என்று முடிகின்றது. டிரிக்லேயின் சார்போ ரீமன் முறைக்கும் அடங்கவில்லை.

ரீமன் 1866 இல், நாற்பது வயது நிறையுமுன், இத்தாலியில் காசநோயால் மறைந்தார். அந்த ஆய்வேடு அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. நண்பர் டெடிகிண்டின் முயற்சியால் பின்னரே உலகம் அதனைக் கண்டது.

மாணவர் ஒருவர் கண்ட விரிசல்

ரீமனின் வரையறையே இறுதியானது எனப் பலரும் எண்ணியிருந்த வேளையில், 1881 இல் இத்தாலியின் பீசா நகரில் பயின்றுகொண்டிருந்த வோல்ட்டெரா என்னும் இளைஞர் ஓர் அதிர்ச்சியை அளித்தார். அவருக்கு வயது 21. அவர் அமைத்த சார்பை எவ்விடத்தும் வகையிடலாம். வகையீடும் ஒரு வரம்புக்குள் அடங்கியதே. ஆயினும் அவ்வகையீட்டை ரீமன் முறைப்படி தொகையிட இயலாது. நம் புகைவண்டிக்கு வருவோம். தொலைவு தெரியும், நொடிதோறும் விரைவும் தெரியும், விரைவோ கட்டுக்கடங்கியது. இருந்தும் அவ்விரைவைக் கூட்டித் தொலைவை மீளப் பெற முடியவில்லை! நியூட்டனும் லைப்னிட்சும் கட்டிய பாலத்தில் விரிசல் கண்டது.

மற்றொரு குறையும் வெளிப்பட்டது. விகிதமுறு எண்களை ஒன்று, இரண்டு, மூன்று எனப் பட்டியலிடலாம் என்பதைக் கேன்ட்டர் காட்டியிருந்தார். பட்டியலின் முதல் எண்ணில் மட்டும் 1, பிறவிடத்து 0 என்பது ஒரு சார்பு, முதல் இரண்டு எண்களில் மட்டும் 1 என்பது அடுத்தது, இவ்வாறே செல்க. ஒவ்வொன்றுக்கும் ரீமன் தொகை உண்டு, அது 0. இவை நெருங்கிச் சேரும் முடிவோ டிரிக்லேயின் சார்பு. அதற்குத் தொகை இல்லை. படிகளில் எல்லாம் கால் ஊன்றியது, மாடியில் தளமில்லை. அலைகளை முடிவின்றிக் கூட்டும் ஃபூரியேயின் கலைக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேண்டுமோ?

இத்தகைய முரட்டுச் சார்புகளைக் கண்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. பிரெஞ்சுப் பேரறிஞர் ஹெர்மித், வகையீடு இல்லாத சார்புகளை அருவருக்கத்தக்க நோயெனக் கருதி, 1893 இல் நண்பருக்கு எழுதிய மடலில் அச்சத்தோடு ஒதுங்கினார். இவற்றை ஆராய்வோர் காலத்தை வீணாக்குகின்றனர் என்னும் எண்ணம் அந்நாளில் பரவலாக இருந்தது.

லெபேக் என்னும் பள்ளி ஆசிரியர்

அந்த எண்ணத்தைப் பொருட்படுத்தாதவர் ஆன்ரி லெபேக். 1875 இல் பிரான்சின் போவே நகரில் அச்சுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். 1899 முதல் நான்சி நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்துகொண்டே ஆராய்ச்சி செய்தார். 1901 இல் ஒரு சிறு குறிப்பும் 1902 இல் அவருடைய பட்ட ஆய்வேடும் வெளிவந்தன. தொகையிடல் என்னும் கருத்தே அன்று புதுப்பிறவி எடுத்தது.

அவர் முறையைப் பணம் எண்ணும் செயலோடு அவரே ஒப்பிட்டதுண்டு. நம் சங்கத்து உண்டியலை வைத்தே அதனைப் பார்ப்போம். விழா முடிந்ததும் நாணயங்களைப் பொருளாளர் எண்ணுகின்றார். கைக்கு வந்த வரிசையிலேயே ஒன்று, ஐந்து, இரண்டு, ஒன்று எனக் கூட்டிக்கொண்டு போகலாம். இது ரீமன் வழி. ஒரு ரூபாய்கள் ஒரு குவியல், இரண்டு ரூபாய்கள் ஒரு குவியல், ஐந்து ரூபாய்கள் ஒரு குவியல் எனப் பிரித்துக்கொண்டு, 40 ஒன்றுகள் 40 ரூபாய், 25 இரண்டுகள் 50 ரூபாய், 10 ஐந்துகள் 50 ரூபாய், ஆக 140 ரூபாய் எனவும் கூட்டலாம். இது லெபேக் வழி. உண்டியலில் இரு வழியும் ஒரே விடை தரும். முடிவிலா எண்களின் உலகில் இரண்டாம் வழி நெடுந்தொலைவு செல்லும்.

ரீமன் அடித்தளத்தை வெட்டினார். லெபேக் உயரத்தை வெட்டினார். இன்ன மதிப்பு எந்தெந்த இடங்களில் வருகின்றது என்று திரட்டி, அவ்விடங்களின் மொத்த 'நீளம்' யாதெனக் கண்டு பெருக்கிக் கூட்டினார். இடங்கள் சிதறிக் கிடப்பின் அவற்றின் நீளத்தை எவ்வாறு அளப்பது? இதற்கு 1898 இல் போரல் என்பார் ஒரு வழி காட்டியிருந்தார். லெபேக் அதனை முழுமையாக்கி 'அளவை' என்னும் கோட்பாடாக வளர்த்தார்.

விகிதமுறு எண்களின் அளவையைப் பார்ப்போம். பட்டியலின் முதல் எண்ணின்மேல் பத்தில் ஒரு பங்கு நீளமுள்ள நாடாவை ஒட்டுக. இரண்டாவதன்மேல் நூறில் ஒரு பங்கு. மூன்றாவதன்மேல் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்லா எண்களையும் மூடிய பின்னும் செலவான நாடா ஒன்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்தால், 999 இல் ஒரு பங்கு நாடாவே போதும். இவ்வாறு எத்துணைச் சிறிய நாடாவாலும் மூடத்தக்கவற்றின் அளவை 0 என்பதில் ஐயமில்லை. ஆதலின் டிரிக்லேயின் சார்பில் மதிப்பு 1 வரும் இடங்களின் அளவை 0; மதிப்பு 0 வரும் இடங்களின் அளவை 1. பெருக்கிக் கூட்டின் தொகை 0. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொகையற்றது எனத் தள்ளப்பட்ட சார்புக்கு ஒரே வரியில் தொகை கிடைத்துவிட்டது.

முன்னோரின் வினாவுக்கும் லெபேக்கின் அளவையால் தெளிவான விடை பிறந்தது. வரம்புக்குட்பட்ட ஒரு சார்பு அறுபடும் இடங்களின் அளவை 0 ஆக இருந்தால், அப்போது மட்டுமே, அது ரீமன் முறைப்படி தொகையிடத்தக்கது. தோமேயின் சார்பு விகிதமுறு எண்களில் மட்டுமே அறுபடுவதால் தேறியது. டிரிக்லேயின் சார்பு எல்லா இடத்திலும் அறுபடுவதால் தவறியது. வோல்ட்டெராவின் விரிசலும் அடைபட்டது. ஏனெனில் வரம்புக்குட்பட்ட எந்த வகையீட்டையும் லெபேக் முறைப்படி தொகையிட்டு மூலச்சார்பை மீட்கலாம். 1933 இல் உருசிய அறிஞர் கோல்மகோரவ் நிகழ்தகவுக் கணிதம் முழுவதையும் இவ்வளவைக் கோட்பாட்டின்மேல் நிறுவினார்.

எல்லைக்கும் ஓர் எல்லை

இத்துடன் கதை முடிந்ததோ எனின், இல்லை. 1905 இல் இத்தாலியக் கணிதர் விட்டாலி, லெபேக்கின் அளவையாலும் அளக்கவொண்ணாத ஓர் எண்தொகுதி உண்டெனக் காட்டினார். அத்தொகுதியில் 1 எனவும் பிறவிடத்து 0 எனவும் மதிப்புடைய சார்பு லெபேக் முறைக்கும் எட்டாதது.

வேறொரு வரம்பும் உண்டு. மேலும் கீழும் மாறிமாறிச் சென்று, வரவரச் சிறுத்துக்கொண்டே முடிவின்றி ஓடும் அலை ஒன்றை எண்ணுக. சைன் அலையைத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. வரிசையாகக் கூட்டிச் செல்லின், மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, வட்ட மாறிலியாகிய பையின் பாதியில் தொகை நிற்கும். லெபேக்கோ வரவையும் செலவையும் தனித்தனியே கூட்டச் சொல்பவர். தனித்தனியே இரண்டும் முடிவிலியாதலால், இதற்குத் தொகையில்லை என்பது அவர் தீர்ப்பு. ரீமன் முறையின் எளிய நீட்சி ஏற்பதை லெபேக் முறை மறுக்கும் இடமும் உண்டென்பதை இங்குக் காண்கின்றோம். வரம்பின்றி ஆடும் வகையீடுகள் சிலவும் அவ்வாறே அவர் முறைக்கு அடங்கவில்லை. 1912 இல் டென்ஜாயும் 1914 இல் பெரோனும் இக்குறையை நீக்கும் வழிகளைக் கண்டனர், அவை கடினமானவை.

வியப்பு யாதெனில், எளிய வழி ரீமனின் பட்டைகளுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. செக் நாட்டுக் குர்ஸ்வைல் 1957 இல் அதனை வெளியிட்டார். ஆங்கிலேயர் ஹென்ஸ்டாக் தாமே தனித்தும் கண்டார். ரீமன் எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே அகல வரம்பை வைத்தார். இவர்களோ இடத்துக்கேற்ப வரம்பை மாற்றினர்: சார்பு அமைதியாகச் செல்லுமிடத்து அகன்ற பட்டை, கொந்தளிக்குமிடத்து மிக மெல்லிய பட்டை. மலைப்பாதையில் நடப்பவர் சமவெளியில் நீண்ட அடியும் செங்குத்தில் குறுகிய அடியும் வைப்பதை இது ஒக்கும். இம்மாற்றம் ஒன்றாலேயே லெபேக் தொகையிட்டவை அனைத்தும், எல்லா வகையீடுகளும், முற்கூறிய அலையும் தொகையிடத்தக்கவை ஆயின. எனினும் பல பரிமாணங்களிலும் நிகழ்தகவிலும் லெபேக் முறை தரும் வசதி மிகுதியாதலால், உயர்கணிதத்தின் அடித்தளமாக அதுவே நிலைபெற்றுள்ளது. கல்லூரியின் தொடக்க வகுப்புகளிலோ எளிமை கருதி ரீமன் முறையே பயிற்றப்படுகின்றது.

நாம் கொள்ளத்தக்கது

ஆகவே, "இச்சார்பு தொகையிடத்தக்கதா?" என ஒருவர் கேட்பின், "எந்த வரையறையின்படி?" என்று நாம் திருப்பிக் கேட்டல் வேண்டும். தொகையில்லை என்னும் சொல் சார்பின் மேல் ஏற்றும் குற்றமன்று. நம் கையிலுள்ள அளவுகோலின் நீளத்தைக் கூறும் சொல். ஒவ்வொரு வரையறையும் ஒன்றை ஈட்டி ஒன்றை விட்டுக்கொடுத்தது. முந்தையது பொய்யாகிவிடவும் இல்லை: கோஷி கண்ட தொகையும் ரீமன் கண்ட தொகையும் லெபேக் முறையிலும் அதே விடையைத் தருகின்றன. பழைய வீட்டை இடிக்காமலே புதிய அறைகளைக் கட்டிய பெருமை இவ்வறிஞர்களுக்கு உரியது.

இவ்வளர்ச்சி முழுவதும் "இதன் பொருள் யாது?" எனக் கேட்கத் தயங்காதவர்களால் வந்தது. அவர்களுள் ஒருவர் நோயாளி, ஒருவர் மாணவர், ஒருவர் பள்ளி ஆசிரியர். நம் இல்லத்துப் பிள்ளை பாடநூலை மூடிவிட்டு, "அப்பா, இந்தத் தொகைக்குறிக்கு உண்மையில் என்ன பொருள்? எப்போது இது செல்லாது?" என்று கேட்கும் நாள் வரலாம். தேர்வுக்கு அது வராது என்று சொல்லி அவ்வாயை அடைத்துவிடாதிருப்போமாக. விடை தெரியாவிடினும், உண்டியல் நாணயங்களை மேசைமேல் கொட்டி, இருவழியாக எண்ணிப் பார்க்கலாம் வா என்று அழைப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!